பன்னிரண்டு பேர் வேண்டும்: கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

கூடைப்பந்தில் களத்தில் நிற்பது 5 பேர், பட்டியலில் இருப்பது 12 பேர். இளங்கலைப் படிப்பு 3 வருஷம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் வருஷத்துக்குச் சராசரியாக 4 பேர் படிப்பு முடிச்சுக் கிளம்பிடுவாங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்து அட்மிஷன் முடியறதுக்குள்ள அந்த 4 இடத்தையும் நிரப்பியாகணும். அதுவும் ஏதோ 4 பேர் போதாது. பந்தை எடுத்துட்டு வந்து ஆட்டத்தை நடத்த ஒரு பாயின்ட் கார்டு, ஓரத்திலிருந்து எறிய ரெண்டு பேர், கூடைக்கு அடியில் நிற்க ஒரு உயரமான பொண்ணு. இதில் ஒருத்தர் கிடைக்காம போனாலும் அடுத்த 3 வருஷத்துக்கு அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

இந்தத் தேடல் எப்படி நடக்கிறது, அது ஏன் சென்னையைத் தாண்டி எங்க பக்கம் வருவதே இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. எங்க பக்கம் என்றால் திருவள்ளூர் மாவட்டம். குறிப்பாக வடக்கு மூலையில் இருக்கும் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி வட்டாரம். சிப்காட், இரும்பு உருக்காலைகள், தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை, எந்நேரமும் லாரி ஓடும் கொல்கத்தா நெடுஞ்சாலை. கூடைப்பந்து என்றதும் யாருக்கும் ஞாபகத்துக்கு வரும் ஊர் இல்லை.

ரெண்டு வகைக் கல்லூரி, ரெண்டு வகைத் தேவை

முதலில் ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கல்லூரி அணியும் ஒண்ணுதான் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அடங்கும். (திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்து அது திருவள்ளூரில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேலூரில்.) இந்தக் கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் மோதும். அதிலிருந்து தேர்வாகிறவர்களைச் சேர்த்துப் பல்கலைக்கழக அணி அமையும். அந்த அணிதான் தென் மண்டலப் போட்டிக்கும், அங்கே தேறினால் அகில இந்தியப் போட்டிக்கும் போகும்.

இன்னொன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சென்னையைச் சுற்றி எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான் போன்றவை. இவை தாமே பல்கலைக்கழகம் என்பதால் நேராகத் தென் மண்டலத்துக்கு அணியை அனுப்பலாம். நடுவில் வேறு கல்லூரியோடு இடம் பங்கிட வேண்டியதில்லை.

இந்த ஒரு வித்தியாசம் ஆள் சேர்ப்பையே மாற்றிவிடுகிறது. நிகர்நிலை நிறுவனம் ஒன்று 12 நல்ல ஆட்டக்காரிகளைச் சேர்த்தால் 12 பேருமே பல்கலைக்கழக அணி ஆயிடுவாங்க. இணைவுக் கல்லூரியில் அப்படி இல்லை. பொன்னேரி அரசுக் கல்லூரியில் ஒரு பொண்ணு எவ்வளவு நல்லா ஆடினாலும், எம்.ஓ.பி. வைஷ்ணவா மாதிரி பெயர்பெற்ற அணிகளின் ஆட்டக்காரிகளோடு மோதித்தான் பல்கலைக்கழக அணிக்குள் நுழையணும்.

பல்கலைக்கழக அணியில் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? பெருமைக்கு மட்டும் இல்லை. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ்களுக்குப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடினவருக்கு படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினவருக்கு படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினவருக்கு படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலத்துக்காக ஆடினவருக்கு படிவம் 4. கல்லூரியில் சேரும் பெரும்பாலான பொண்ணுங்களுக்கு எட்டக்கூடியது அந்த 3-ஆம் படிவம்தான். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சில வேலைகளுக்கு ஆடியிருந்தால் மட்டும் போதாது, அணி முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்கணும் என்று கேட்பார்கள். ஆக, எந்தக் கல்லூரி என்ற முடிவு, 4 வருஷம் கழித்து எந்த வேலைக்கு விண்ணப்பம் போட முடியும் என்ற முடிவும்கூட. இதைப் பதினேழு வயசுப் பொண்ணுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

எங்கே தேடுகிறார்கள்?

பயிற்சியாளர்கள் தேடும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பள்ளிகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள். மாநில ஜூனியர், யூத் போட்டிகள். முதலமைச்சர் கோப்பை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். இவற்றில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் டிரையல்ஸ் வைத்துச் சேர்ப்பார்கள். கோவையில் ஆண்களுக்கான நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையோடு சேர்த்துப் பெண்களுக்கு நடக்கும் சி.ஆர்.ஐ. கோப்பை மாதிரியான அகில இந்தியப் போட்டிகளில் கல்லூரி வயதைத் தாண்டியவர்களையும் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் எங்கே கண்ணில் படணும் என்றாலும் அந்தப் பொண்ணு ஏற்கெனவே கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கணும். அதற்கு அவள் பள்ளியில் ஒரு கோர்ட் இருக்கணும். கபடிக்கு மண் போதும். வாலிபாலுக்கு ரெண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமமான தளம் வேணும், 3.05 மீட்டர் உயரத்தில் அசையாத வளையம் வேணும். அது இருக்கும் பள்ளியில்தான் ஆட்டக்காரி முளைப்பாள். சென்னையில் இந்த ஆட்டம் வேர்விட்டதற்கே 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஒரு பெரிய காரணம். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் போன பள்ளிகளுக்கு ஆட்டமும் கூடவே போனது. நாலைந்து தலைமுறை ஆகியும் அந்த வரைபடம் பெரிதாக மாறவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேலே எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் போனால் பள்ளி மைதானத்தில் நீங்க பார்க்கப்போவது கபடியும் கோ-கோவும்தான்.

ஆட்டக்காரியைத் தேடாமல் ஆளைத் தேடினால்?

இங்கேதான் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. வேறு ஆட்டத்திலிருந்து வந்து கூடைப்பந்தில் சாதித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிக்கொண்டிருந்தவர், கூடைப்பந்துக்கு வந்ததே பதின்வயதின் நடுவில்தான். டிம் டங்கன் நீச்சல் வீரர். 1989-இல் ஹ்யூகோ புயல் அவர் ஊர் நீச்சல் குளத்தை அழித்த பிறகுதான் பந்தைக் கையில் எடுத்தார்.

இவர்கள் அபூர்வம், ஒத்துக்கிறேன். 17 வயசில் தொடங்கும் பொண்ணை 3 வருஷத்தில் பாயின்ட் கார்டு ஆக்க முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டே தலை நிமிர்ந்து ஆளைப் பார்க்கும் பழக்கம் சின்ன வயசிலேயே வரணும். ஆனால் கூடைப்பந்தில் பாதி வேலை பந்தில்லாமல் நடப்பது. எதிராளியை மறித்து நிற்பது, திரும்பி வரும் பந்துக்கு எம்புவது, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பத் திரும்ப ஓடுவது. இதைத் தாமதமாகவும் கற்றுக்கொள்ளலாம்.

கபடியில் ரைடரின் காலைப் பிடிக்கும் பொண்ணுக்கு, ஆள் எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு இடுப்பைப் பார்த்தே தெரியும். நல்ல டிஃபன்ஸ் என்பது அதுதான். வாலிபாலில் பிளாக் செய்கிற பொண்ணுக்கு எப்போ எம்பணும் என்ற நேரக்கணக்கு உடம்பிலேயே இருக்கும். உயரம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆடும் பொண்ணுகிட்ட ஒற்றைக் காலில் எகிறும் வலு இருக்கும். அதனால் பள்ளிப் போட்டிகளில் கூடைப்பந்து கோர்ட் ஓரமாக மட்டும் உட்காராமல், தடகளம் நடக்கும் பக்கமும் கபடி நடக்கும் பக்கமும் ஒரு நடை போய் வருவது பயிற்சியாளருக்கு நஷ்டம் இல்லை.

உயரத்தை மட்டும் பார்ப்பதும் பெரிய வலை. கையை நேரே தூக்கினால் விரல் எங்கே போய்த் தொடுகிறது, நின்ற இடத்திலிருந்து எம்பினால் எங்கே தொடுகிறது என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ரெண்டு கோடு போட்டுப் பாருங்க. 5 அடி 6 அங்குலப் பொண்ணு ஒருத்தி, 5 அடி 9 அங்குலப் பொண்ணைவிட மேலே தொடுவது அதிசயமே இல்லை. கை நீளமும் எம்பும் வலுவும் சேர்ந்ததுதான் ஆட்டத்தில் உண்மையான உயரம்.

இன்னொரு சோதனையை நம்ம ஊரில் கட்டாயமாக்கணும் என்பேன்: ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. டிரையல்ஸில் மூன்றாவது நிமிஷமே மூச்சு வாங்கி உட்காரும் பொண்ணை "ஸ்டாமினா இல்லை" என்று திருப்பி அனுப்பிடறோம். அவளுக்குத் தேவை இரும்புச்சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும் சில மாசமுமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் பார்க்காமல் ஒரு பொண்ணைக் கழித்துக்கட்டுவது, பந்தில் காத்து இருக்கான்னு பார்க்காமல் டிரிபிள் வரலைன்னு சொல்ற மாதிரி.

எதிரணி: கம்பெனி பஸ்

சரி, ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. இப்போ அவள் வீட்டுக்குப் போகணும். சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போட்டி இன்னொரு கல்லூரி. எங்க பக்கத்தில் போட்டி, காலையில் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்.

18 வயசு ஆகி, பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்த பொண்ணுக்கு இந்த மாவட்டத்திலும் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலும் வேலை கிடைக்கும். அசெம்பிளி லைன், பேக்கிங், குவாலிட்டி செக்கிங். கான்ட்ராக்ட்தான், ஆனால் மாசம் பிறந்தால் கையில் காசு. அப்பா ரோலிங் மில்லில் தினக்கூலி, தம்பி பத்தாவது என்றால் அந்தக் காசு என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதை "விழிப்புணர்வு இல்லாத பெற்றோர்" என்று சுலபமாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அவர்கள் போடுவது நியாயமான கணக்கு.

அதனால் வீட்டுக்குப் போகும் பயிற்சியாளரிடமும் பதிலுக்கு ஒரு கணக்கு இருக்கணும். கல்லூரிக் கட்டணம் யார் கட்டுவது? ஹாஸ்டல், மெஸ்? ஷூ வருஷத்துக்கு எத்தனை ஜோடி? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பொண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. அரசுக் கலைக் கல்லூரி என்றால் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவில் விளையாட்டு வீரர்களைக் கூப்பிடுவார்கள். பொறியியல் என்றால் மாநிலக் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். கம்பெனிச் சம்பளத்துக்கு இது ஈடாகாது. ஆனால் செலவில்லாமல் பட்டம், கூடவே ஒதுக்கீட்டில் வேலைக்கு ஒரு வழி என்று சேர்த்துச் சொன்னால், தட்டு ஓரளவு சமமாகும்.

அடுத்து நேரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். மாலைப் பயிற்சி ஆறரைக்கு முடிந்தால், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி மின்சார ரயிலில் வீடு வந்து சேர ஒன்பது ஆகிடும். மறுநாள் காலைப் பயிற்சிக்கு அஞ்சு மணி வண்டி. இப்படி ஒரு பருவத்தை ஓட்டும் பொண்ணு, ஆட்டத்தால் களைப்பதைவிடப் பயணத்தால் களைத்துப் போவாள். ஹாஸ்டல் தராமல் "இடம் தர்றோம்" என்று மட்டும் சொல்வது இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அரை வாக்குறுதிதான்.

அப்புறம் வீட்டில் அம்மா, பாட்டி கேட்பது. "டவுசர் போட்டுக்கிட்டா ஆடணும்?" "ராத்திரி மேட்ச்னா யார் கூட வருவா?" "வெளியூர்னா லேடி டீச்சர் வருவாங்களா?" இதில் முதல் கேள்விக்கு ஆட்டத்தை நேரில் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மற்ற ரெண்டுக்கும் கல்லூரிதான் பதில் வைத்திருக்கணும். பெண் மேலாளர் இல்லாமல் அணியை வெளியூர் அனுப்பும் கல்லூரியைப் பார்த்துப் பெற்றோர் தயங்கினால், தப்பு பெற்றோர் பக்கம் இல்லை.

ஒரு விஷயம் தனியாகச் சொல்லணும். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் ஆடி வளர்ந்த பொண்ணுங்க இருக்காங்க. கல்லூரி அணியில் அவர்கள் ஆடலாம், பட்டம் வாங்கலாம். ஆனால் குடியுரிமைக் கேள்வி தீராத வரை அரசு வேலை என்ற கதவு அவர்களுக்கு அநேகமாக மூடியேதான் இருக்கும். மற்ற பொண்ணுக்குச் சொல்லும் அதே "ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை" பேச்சை இங்கேயும் போய்ச் சொல்லக்கூடாது. பட்டம், தனியார் வேலை, பயிற்சியாளர் தகுதி என்று உண்மையாக எட்டக்கூடியதைச் சொல்லணும்.

இந்த வழி எங்கே போகும்?

போகும் என்பதற்கு ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. அனிதா பால்துரை. 1985-இல் பிறந்தவர், 11 வயதில் ஆடத் தொடங்கி, 19 வயதில் இந்திய அணியின் தலைவர். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசியச் சாம்பியன்ஷிப்புகளில் ஆடிய ஒரே இந்தியப் பெண். நடுவில் குழந்தை பிறந்தது, திரும்பவும் களத்துக்கு வந்தார். 2017-இல் பெங்களூரில் கஜகஸ்தானை 75–73 என்று வென்று ஆசியக் கோப்பையின் பி பிரிவுப் பட்டத்தை எடுத்த அணியிலும் அவர் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. அவர் வேலை தென்னக ரயில்வேயில்.

அந்தக் கடைசி வரியைக் கவனிங்க. இந்தியாவில் பெண்கள் கூடைப்பந்துக்குச் சம்பளம் தரும் பெரிய தொழில்முறை லீக் நிலைத்து நடந்ததில்லை. இவ்வளவு காலம் ஆட முடிந்ததற்குப் பின்னால் ஒரு நிரந்தர வேலை இருந்திருக்கிறது. கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியிலிருந்து தென்னக ரயில்வேக்கு வந்தவர்தான். ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடி, 2011-இல் அமெரிக்க டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் டிரையல்ஸ் வரை போனார். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் ரயில்வே பெண்களை வீழ்த்தியது கேரளம். அங்கேயும் ஆட்டக்காரிகளுக்கு வேலை தரும் மாநில மின் வாரியம் இருக்கிறது. கல்லூரி அணி என்பது பள்ளிக்கும் இந்த வேலைக்கும் நடுவில் இருக்கிற பாலம். பாலம் இல்லை என்றால் ஆட்டம் பிளஸ் டூவோடு முடிந்தது.

வாய்மொழியும் முழங்காலும்

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். சேர்க்கும்போது சொல்வதெல்லாம் பெரும்பாலும் வாய்மொழிதான். "எல்லாம் ஃப்ரீம்மா, நாங்க பார்த்துக்கிறோம்." ரெண்டாவது வருஷம் முழங்காலில் தசைநார் கிழிந்தால்? எம்பி இறங்குகிற, சட்டென்று திரும்புகிற ஆட்டங்களில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் உறுதியான விஷயம். அறுவை சிகிச்சை செய்தால் திரும்பிவர ஒன்பது மாசம், ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷம் ஃபீஸ் யார் கட்டுவது?

அமெரிக்காவிலேயே இது சண்டையாக இருந்த விஷயம். 1973-இல் அங்கே கல்லூரி விளையாட்டு உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிப்பதாக மாற்றினார்கள். ஆடாதவருக்கு அடுத்த வருஷம் இல்லை என்று சொல்ல அது வழிவிட்டது. பல வருஷ உதவித்தொகையை மறுபடி அனுமதித்தது 2012-இல்தான். நம்மிடம் அப்படி ஒரு பொது விதியே இல்லை. அதனால் பொண்ணும் வீட்டாரும் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது இவை:

கட்டணச் சலுகை எத்தனை வருஷத்துக்கு? எழுத்தில் தருவீர்களா?

காயம் பட்டாலோ அணியில் இடம் போனாலோ படிப்பு முடியும்வரை சலுகை தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது?

இந்த இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார்கள்? எனக்குக் களத்தில் நேரம் கிடைக்குமா, 3 வருஷமும் பெஞ்சா?

போன வருஷம் படிப்பு முடித்த ஆட்டக்காரிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அரியர் இல்லாமல் முடித்தார்களா? அவர்களில் ஒருத்தரிடம் பேசலாமா?

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரணும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் பொண்ணைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்கும் பயிற்சியாளர் இருப்பார். ஆனால் நல்ல பயிற்சியாளருக்கு இது உதவிதான். எழுதிக் கொடுக்க முடிகிறவர், போன வருஷ ஆட்டக்காரியின் நம்பரைக் கூசாமல் தர முடிகிறவர், அடுத்த வருஷம் அதே தெருவுக்குத் திரும்பப் போக முடியும். ஒரு பொண்ணு பட்டமும் வேலையுமாக ஊர் திரும்பினால், அந்த வட்டாரத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு கிடையாது. ஒருத்தி முழங்கால் போய், ஃபீஸ் கட்ட முடியாமல் பாதியில் வந்தால், அந்தத் தெருவில் பத்து வருஷத்துக்கு யாரும் பொண்ணை அனுப்ப மாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் உயரமான பொண்ணுங்க இல்லாமலில்லை. எம்புற பொண்ணுங்க, மறிக்கிற பொண்ணுங்க, ஓடுற பொண்ணுங்க எல்லாம் இருக்காங்க. இல்லாதது ஒரு கோர்ட்டும், நேர்மையாகப் பேசும் ஒரு ஆளும். கோர்ட் கட்டப் பணம் வேணும், அது அரசும் சிப்காட் கம்பெனிகளும் மனசு வைக்க வேண்டிய விஷயம். ரெண்டாவதுக்குக் காசு செலவில்லை. வர்ற ஜூனில் யாராவது ஒரு பயிற்சியாளர் மின்சார ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வந்து பார்க்கட்டும்.